104-க்கும் 84-க்கும் இடையில்: காவிரிக் கரையிலிருந்து ஓர் ஆசிரியர் நியமன வழக்கு

2014 ஜூன் மாதத்தில் ஈரோட்டில் உள்ள எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த ஓர் ஆசிரியை, பையைத் திறந்து மேசைமீது முதலில் வைத்தது ஒரு வேலைவாய்ப்பு அலுவலக அட்டை. 2001-இல் பதிந்தது, மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்தது, மடிப்புகளில் செல்லோடேப் ஒட்டியது. அதன் பிறகே பட்டச் சான்றிதழும், பி.எட். சான்றிதழும், ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 104 மதிப்பெண் பெற்றதைக் காட்டும் தாளும் வெளியே வந்தன. தன் சொத்து என்று அவர் நம்பியிருந்த அந்த அட்டையின் மதிப்பு கரையத் தொடங்கி அப்போதே நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் இரண்டாவது தாளை நீட்டினார். அதில் இன்னொரு தேர்வரின் மதிப்பெண்கள் இருந்தன. அந்தத் தேர்வர் தகுதித் தேர்வில் பெற்றது 84. ஆனால் வெயிட்டேஜ் கணக்கில், அதாவது தகுதித் தேர்வோடு பழைய படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துத் தெரிவு வரிசையை வகுக்கும் கணக்கில், 104 பின்னாலும் 84 முன்னாலும் இருந்தன.

இந்த ஆய்வு அந்த இரண்டு தாள்களைப் பற்றியது. இருவரும் கொடுமுடி வட்டாரத்தவர்கள், இருவருக்கும் கணிதமே பாடம், இருவரும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டு மதிப்பெண்களைச் சிறிது மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை. 104 பெற்றவரை மூத்தவர் என்றும் 84 பெற்றவரை இளையவர் என்றும் குறிப்பிடுகிறேன், வயதிலும் அப்படித்தான்.

மூத்தவர் 1996-இல் பிளஸ் டூ முடித்தவர். 1,200-க்கு 696, அதாவது 58 சதவீதம். பட்டப் படிப்பில் 52, பி.எட். படிப்பில் 66. இளையவர் 2007-இல் பிளஸ் டூ முடித்தவர். 1,056 மதிப்பெண், 88 சதவீதம். பட்டத்தில் 80, பி.எட். படிப்பில் 85. தகுதித் தேர்வில் மட்டும் நிலைமை தலைகீழ்.

சட்டப் பின்னணி இது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு குறிப்பிடும் அமைப்புக்குக் கொடுத்தது. அவ்வாறு குறிப்பிடப்பட்ட தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கத் தகுதித் தேர்வு தேர்ச்சி கட்டாயமாயிற்று. 2011 பிப்ரவரி 11 நாளிட்ட வழிகாட்டு நெறிகள் தேர்ச்சிக்கு 60 சதவீதம் என்றன. அதே மூச்சில், இடஒதுக்கீட்டுக் கொள்கைக்கு ஏற்பச் சலுகை வழங்கலாம் என்றும், பணி நியமனத்தில் இத்தேர்வு மதிப்பெண்ணுக்கு வெயிட்டேஜ் தரவேண்டும் என்றும் கூறின. 2011 நவம்பர் 15 அன்று அரசாணை எண் 181 வழியாகத் தமிழ்நாடு இத்தேர்வை நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம் ஒப்படைத்தது.

முதல் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 2,448 பேர் மட்டுமே தேறினர். 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தது போதவில்லை என்று ஏற்றுக்கொண்ட அரசு, அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்துத் துணைத் தேர்வு நடத்தியது. நம் வழக்கின் தேர்வர்கள் இருவரும் எழுதியது அதற்கு அடுத்த, 2013 ஆகஸ்ட் மாதத் தேர்வு.

அதுவரை இங்கே ஒரு பட்டதாரி ஆசிரியரின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது பதிவு மூப்பு. பி.எட். முடித்த மறுவாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும், கல்யாணப் பேச்சில்கூட "பதிஞ்சு எத்தனை வருசமாச்சு" என்று கேட்பதும் வழக்கமாக இருந்தன. மூப்பு முறையில் குறை இல்லாமல் இல்லை. காத்திருந்தே நரைத்தவர்கள் உண்டு. ஆனால் அதன் கணக்கு எவருக்கும் புரியும்: முன்னால் பதிந்தவர் முன்னால் போவார். அதற்குப் பதிலாக வந்த கணக்கு அப்படி இல்லை.

படிக்கணக்கும் சதவீதக் கணக்கும்

2012 அக்டோபர் 5 நாளிட்ட அரசாணை எண் 252, பட்டதாரி ஆசிரியர் தெரிவுக்கு 100 மதிப்பெண்ணை இப்படிப் பகிர்ந்தது: தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட். படிப்புக்கு 15. பகிர்வில் பெரிய குழப்பமில்லை. குழப்பம் படிகளில் இருந்தது. தகுதித் தேர்வில் 60 முதல் 70 சதவீதத்துக்குள் பெற்ற அனைவருக்கும் ஒரே 42. அடுத்த பத்துக்கு 48. ஆக 90 வாங்கியவரும் 104 வாங்கியவரும் 42-இல் நிற்க, 105 வாங்கியவர் ஒரே மதிப்பெண் வித்தியாசத்தில் 48-க்கு ஏறிவிடுவார். நம் மூத்தவர் சரியாக 104. "ஒரு கேள்விங்கய்யா, ஒரே ஒரு கேள்வி" என்று அவர் அன்று திரும்பத் திரும்பச் சொன்னதில் மிகையேதும் இல்லை.

படிக்கணக்கில் அவருக்குக் கிடைத்தது 42, 2, 12, 12, மொத்தம் 68. 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இந்தப் படிமுறை ஏற்கத்தக்கதன்று எனத் தீர்ப்பளித்தார். அதையொட்டி மே 30 அன்று வந்த அரசாணை எண் 71 படிகளை நீக்கி, பெற்ற சதவீதத்தை அப்படியே கணக்கில் கொண்டது. மூத்தவரின் புதிய கணக்கு: 41.60, 5.80, 7.80, 9.90, மொத்தம் 65.10.

இதற்கிடையில் 2014 பிப்ரவரி 6 அன்று அரசாணை எண் 25 வந்திருந்தது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 60-இலிருந்து 55 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, 150-க்கு 82.5 என வருவது 82 ஆயிற்று. முந்தைய ஆகஸ்டில் எழுதி முடித்த தேர்வுக்கே இச்சலுகை பொருந்தும் என்றது அரசாணை. 84 எடுத்துத் தோற்றவராக இருந்த இளையவர் ஒரே நாளில் தேறியவரானார். அவருடைய சதவீதக் கணக்கு: 33.60, 8.80, 12.00, 12.75, மொத்தம் 67.15.

தகுதித் தேர்வில் 20 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றதால் மூத்தவருக்குக் கிடைத்த முன்னிலை எட்டு. பழைய சான்றிதழ்களால் அவர் இழந்தது பத்தும் சில்லறையும். கடைசியில் 2.05 பின்தங்கினார்.

டீக்கடைப் பேச்சில் இது சாதிச் சண்டையாகச் சொல்லப்பட்டது: சலுகை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையிலான தகராறு என்று. நம் வழக்கில் அந்த விளக்கம் எடுபடாது. இருவரும் ஒரே பிரிவினர், ஒரே இனச்சுழற்சியில் நிற்பவர்கள், அரசாணை 25-இன் சலுகைக்கு இருவருமே உரியவர்கள். ஒருவருக்கு அது தேவைப்பட்டது, மற்றவருக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவே. உண்மையான பிளவு தலைமுறைகளுக்கு இடையே இருந்தது. 2000-களில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவே மாநிலமெங்கும் பேசப்பட்டதையும், தறியும் தோட்டமும் விற்றுப் பிள்ளைகளை அங்கே சேர்த்ததையும் இப்பகுதியில் அறியாதவர் இல்லை. இளையவர் அப்படி ஒரு பள்ளியில் படித்தவர். அதற்காக அவர் தந்தை பட்ட கடனும் எனக்குத் தெரியும். மூத்தவர் பஞ்சாயத்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அரசுப் பள்ளிக்கு நடந்து போனவர். "நாங்க படிச்சப்ப எழுநூறு மார்க்குன்னாலே எங்கூர்ல பெருசுங்கய்யா, இப்ப அதையே எனக்குக் குறையாச் சொல்றாங்க" என்றார். வெவ்வேறு பத்தாண்டுகளின் பிளஸ் டூ மதிப்பெண்களை ஒரே தராசில் வைத்த அந்த முறை, எனக்கு இன்றும் ஒப்புக்கொள்ள முடியாதது. ஆனால் ஒப்புக்கொள்ள முடியாதது என்பது வேறு, சட்டத்துக்குப் புறம்பானது என்பது வேறு. இந்த வழக்கு தோற்ற இடம் அதுதான்.

எதைக் கேட்டோம்

எங்கள் முதல் வரைவில் ஒரு பிழை இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. அரசாணைகள் 25, 71 இரண்டையும் ரத்து செய்யக் கோரியதோடு, மனுதாரருக்குப் பணி நியமன ஆணை வழங்குமாறு உத்தரவிடவும் கோரியிருந்தோம். சென்னையில் வழக்கை ஏற்ற மூத்த வழக்கறிஞர் அந்தக் கடைசிக் கோரிக்கையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "தேர்ச்சி பெற்றவர் என்று போட்டிருக்கிறீர்கள், தெரிவு செய்யப்பட்டவர் என்று எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தகுதித் தேர்வில் தேறுவது வாசலுக்குள் நுழைய அனுமதி. உள்ளே இருக்கை தருவது தெரிவு முறை. தெரிவுப் பட்டியலில் பெயர் வந்தவருக்கே நியமனம் கேட்கும் முழு உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கும்போது, வெறும் தேர்ச்சியை வைத்து வேலை கேட்க முடியாது. கொங்கு மாவட்டங்களிலிருந்து அந்த ஆண்டுகளில் நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதப்பட்டவை.

திருத்திய மனுவில் இரண்டு வாதங்கள் நின்றன. முதலாவது, தேர்வு எழுதி முடித்த பிறகு தேர்ச்சி வரம்பைக் குறைப்பது ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றுவதாகும். இரண்டாவது, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பாடத்திட்டங்களில், வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் பெற்ற மதிப்பெண்களைச் சமமாக்காமல் கூட்டுவது சமத்துவத்துக்கு முரண்.

ஒரே உயர் நீதிமன்றம், இரண்டு விடைகள்

இந்த இடத்தில் நம் நிலவியல் குறுக்கிட்டது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கப்பட்டபோது ஈரோடு, கோவை, நாமக்கல், சேலம் போன்றவை சென்னை முதன்மை அமர்வின் கீழேயே இருக்க, கொங்கின் கிழக்கு ஓரமான கரூர் மட்டும் மதுரையுடன் சேர்ந்தது. கொடுமுடிக்காரர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறிச் சென்னைக்குப் போகவேண்டும். கொடுமுடியிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, நொய்யல் காவிரியில் சேரும் ஊர்க்காரர் மதுரைக்குப் போகவேண்டும். மூத்தவரின் நாத்தனார் கரூர் மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர், அவரும் ஆசிரியத் தேர்வர். ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்கள், ஒரே அரசாணைக்கு எதிராக, இரண்டு திசைகளில் வக்காலத்துக் கொடுத்தார்கள்.

2014 செப்டம்பரில் இரண்டு தீர்ப்புகள் சில நாள் இடைவெளியில் வந்தன. சென்னை அமர்வு அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. செப்டம்பர் 25 அன்று மதுரைக் கிளை அரசாணை எண் 25-ஐ ரத்து செய்தது. இரண்டும் ஒரே உயர் நீதிமன்றத்தின் அமர்வுகள் என்பதால், எது நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை எவருக்கும் உறுதியில்லை. மூத்தவரிடம் நாங்கள் தோல்வியைச் சொன்ன அதே வாரத்தில் அவருடைய நாத்தனார் வெற்றிச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். "மதுரையில போட்டிருந்தா செயிச்சிருக்கலாமுங்களா?" என்று அவர் கேட்டதற்கு, எல்லை வரம்பு என்ற சொல்லைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை.

இளையவரின் நிலைமையும் நிம்மதியானது அன்று. கலந்தாய்வில் வட மாவட்டம் ஒன்றில் அவருக்குப் பணியிடம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே, தன்னைத் தேறியவராக்கிய அரசாணை மதுரையில் ரத்தான செய்தியை அவர் படித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் சம்பளம் வாங்கியும், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கத் துணியாமல் இருந்தார். இதை அவரே பின்னாளில் எங்களிடம் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் வந்து பேசும் பெருந்தன்மை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சிவகீர்த்தி சிங், ஆர்.பானுமதி ஆகியோர் அடங்கிய அமர்வு 2016 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. முந்தைய இரவுதான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. வங்கிகள் மூடிக்கிடந்த அந்த நாளில், ஈரோட்டுச் சந்தையில் மஞ்சளுக்குக் கொடுக்கக் கையில் இருக்கும் நோட்டு செல்லுமா என்ற பேச்சுக்கு நடுவே, எந்த அரசாணை செல்லும் என்ற செய்தியைக் கேட்க ஆள் இல்லை. மதுரைக் கிளையின் தீர்ப்பு ரத்தானது. அரசாணைகள் 25, 71 இரண்டும் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

காரணங்களைக் கவனித்துப் படிக்கவேண்டும். சலுகை வழங்கும் அதிகாரம் மாநில அரசு தானாக எடுத்துக்கொண்டதன்று, 2011-இன் வழிகாட்டு நெறிகளே அளித்தது. ராஜஸ்தானில் இதே போன்ற சலுகை தொடர்பாக அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், அக்டோபர் 18 அன்று, உச்ச நீதிமன்றமே அளித்த தீர்ப்பும் அரசுக்குத் துணையாக நின்றது. ஆட்டத்தின் நடுவே விதி மாறியது என்ற வாதத்துக்குக் கிடைத்த விடை நுட்பமானது: குறைக்கப்பட்டது தேர்ச்சி வரம்பு, தெரிவு என்பது அதன் பிறகு, வெயிட்டேஜ் வரிசைப்படி நடப்பது. போட்டியாளர் எண்ணிக்கை கூடியதால் முன்பே தேறியவரின் பரிசீலனை உரிமை பறிபோகவில்லை. வெயிட்டேஜ் பகிர்வைப் பொறுத்தவரை அது அரசின் கொள்கை முடிவு. அதைவிட நல்ல முறை இருக்கக்கூடும் என்பதற்காக நீதிமன்றம் தன் முறையை அதன் இடத்தில் வைக்காது.

மூத்தவருக்கு நான் இதைத் தமிழில் விளக்கிச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி, எந்தச் சட்ட இதழிலும் நான் படிக்காதது. "அப்படின்னா என்ற 104 தப்பில்ல, அவிய 84-ம் தப்பில்ல, கணக்கும் தப்பில்ல. அப்பறம் யாருங்கய்யா தப்பு?" சட்டப்படி யாருமில்லை.

செல்லும் என்ற பிறகு கைவிட்டது

இந்த வழக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இனி வருவது. உச்ச நீதிமன்றம் சரி என்று நிறுத்திய வெயிட்டேஜ் முறையை, இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் அரசே நீக்கியது. 2018 ஜூலை 20 நாளிட்ட அரசாணை எண் 149, தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு எழுதவேண்டும் என்றது. பழைய பிளஸ் டூ மதிப்பெண் புதியவற்றோடு மோதும் சிக்கல் அதனால் தீர்ந்தது. மூத்தவரைப் போன்றோர் ஆறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த குறையை அரசு ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் கையில் இருந்த 104, 110 எல்லாம் அதே நாளில் வெறும் தேர்ச்சிச் சீட்டாகச் சுருங்கின. 2013-இல் தேறியவர்கள் சென்னையில் போராட்டம் நடத்தியது இதற்காகத்தான். அரசாணை எண் 149-இன்படி பட்டதாரி ஆசிரியர்களுக்கான போட்டித் தேர்வு நடந்த நாள் 2024 பிப்ரவரி 4. அரசாணைக்கும் தேர்வுக்கும் இடையில் ஐந்தரை ஆண்டுகள்.

நாங்கள் 2014-இல் கேட்டிருக்கவேண்டியது இந்தக் காலக்கெடு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கொள்கையின் உள்ளடக்கத்தில் நீதிமன்றம் நுழையாது. ஆனால் அறிவித்த காலிப்பணியிடங்களை இத்தனை மாதங்களுக்குள் நிரப்பு என்று நேரத்தைப் பற்றிக் கேட்கும் மனுவுக்கு வாசல் அவ்வளவு இறுக்கமாக மூடப்பட்டிருப்பதில்லை. நாங்கள் யார் தகுதி உயர்ந்தது என்று வாதாடினோம். அவர் இழந்துகொண்டிருந்ததோ வயது.

2022 ஜூலையில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு முடிவெடுத்தபோது, மாதம் 10,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் மூத்தவர் ஓர் அரசுப் பள்ளிக்குப் போனார். இருபத்தோராண்டு காத்திருந்த வாசல்தான், ஆனால் பின்வழி. அந்த ஆணைக்கு எதிராகவும் மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. இத்தகைய பணி நாளை நிரந்தரத்துக்கு உரிமை தராது என்பதை, 2006 ஏப்ரல் 10 அன்று கர்நாடக அரசு வழக்கில் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பைச் சுட்டி அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "தெரியுமுங்க" என்று மட்டும் சொன்னார். 2024 போட்டித் தேர்வை எழுதினார். தெரிவுப் பட்டியலில் வரவில்லை.

இனி 2025 செப்டம்பர் 1. உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு, மகாராஷ்டிரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற மேல்முறையீடுகளில், கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே நியமனம் பெற்ற ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு பொருந்தும் என்றது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேறவேண்டும்; ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்வின்றித் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு தாக்கல் செய்தது. பதிவு மூப்பில் வேலைக்கு வந்து, இருபது ஆண்டு கரும்பலகை முன் நின்றவர்களுக்கு இது இடியாக விழுந்தது; அவர்கள் பக்கத்து நியாயம் வேறு ஆய்வுக்கு உரியது. இளையவருக்கு இதனால் பாதிப்பில்லை. அன்று 84 எடுத்ததும், 82 போதும் என்ற அரசாணையும் இன்று அவருக்குப் பதவி உயர்வின் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன.

மூத்தவர் பணியாற்றும் பள்ளியில் நிரந்தர ஆசிரியர்கள் இருவர், 2001-இல் அவர் பதிந்ததற்குச் சில ஆண்டுகள் முன்பே பதிந்து, மூப்பின்படி வேலை பெற்றவர்கள். 2027-க்குள் தேறவேண்டிய கட்டாயம் இருவருக்கும். கணிதமும் ஆங்கிலமும் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. குழந்தை மேம்பாட்டுப் பகுதியின் 30 மதிப்பெண்தான் பயம். சனிக்கிழமை மாலைகளில் ஐந்து மணிவரை அதே பள்ளியின் ஏழாம் வகுப்பு அறையில் மூத்தவர் அவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். 2013-இல் அவர் பென்சிலால் அடிக்கோடிட்ட வழிகாட்டி நூலைத்தான் மூவரும் வைத்துப் படிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு என்று அவர்கள் கேட்டதற்கு, பேருந்துக்கு ஆகும் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.